எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை

சிவகாசியில் அச்சான பழைய காலண்டரைக் கையில் கொடுத்தால் மற்றவர்கள் முருகனையோ லட்சுமியையோ பார்ப்பார்கள். அச்சுத் தொழிலில் இருப்பவன் கண் நேராக அடிக்குப் போகும். படம், நாள்தாள் கட்டு, தொங்கவிடும் தகரம் எல்லாம் ஆயிரம் கடைக்கும் பொது. அடியில் மூன்று விரல் அகலத்தில் ஓடும் பட்டி ஒன்றுதான் கடைக்குக் கடை மாறும். கடையின் பெயர் சிவப்பில் பெரிதாக இருக்கும். அதற்குக் கீழே உரிமையாளர் பெயர், கதவு எண், தெரு, ‘பஸ் ஸ்டாண்டு எதிரில்’ என்று ஓர் அடையாளம், மூன்றே இலக்கத்தில் ஒரு போன் நம்பர். கடைசி வரி பல காலண்டர்களில் ஒரே வாசகமாக இருக்கும்: ‘எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை.’

என் அப்பா அந்தப் பட்டிக்காகவே ஊர் ஊராக அலைந்தவர். காலண்டர் கேன்வாசர். ஆடிப்பெருக்கு அன்றுதான் எங்கள் ஊர் சிவகாசியில் அடுத்த வருடத்து ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிடுவார்கள், இன்றும் அப்படித்தான். ஆல்பம் கைக்கு வந்ததும் அதை ரெக்சின் பையில் வைத்துக்கொண்டு அப்பா சேலம், தர்மபுரிப் பக்கம் கிளம்பிவிடுவார். மாவு மில், அடகுக் கடை, சைக்கிள் கடை, மளிகைக் கடை என்று ஏறி இறங்குவார். ஆர்டர் கிடைத்ததும் அவர் செய்யும் முதல் வேலை, ஆர்டர் புத்தகத்தைக் கடைக்காரர் பக்கம் திருப்பி வைப்பது. “முதலாளி, வாசகத்த உங்க கையாலயே எழுதிக் குடுத்துருங்க. இனிஷியல் ஒண்ணு மாறினாலும் மொத்தக் காலண்டரும் என் தலையிலதான் விழும்” என்பார். அச்சகத்தில் அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் அச்சுக் கோப்பார்கள். புரூஃப் கடைக்காரருக்குத் தபாலில் போய், அவர் கையெழுத்தோடு திரும்பி வந்த பிறகே மிஷின் ஓடும். ஒரு சின்னக் கடையின் பெயரும் முகவரியும் இத்தனை கண்களைத் தாண்டித்தான் சுவருக்கு வந்தன.

‘வேறு கிளைகள் இல்லை’ என்று எழுதச் சொன்னவர்களில் பலருக்குக் கிளை வைக்கும் எண்ணமே இருந்ததில்லை. பேர் சொல்லும்படி ஒரு கடை நடந்தால், அடுத்த தெருவில் ‘புது’ என்றோ ‘ஒரிஜினல்’ என்றோ முன்னால் சேர்த்து அதே பெயரில் இன்னொரு கடை முளைக்கும். அதற்குத்தான் அந்த வரி. இதற்கு அண்ணன் மாதிரி இன்னொரு வரியும் உண்டு: ‘போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்.’ சிறுகடைக்காரன் விளம்பரத்துக்கு ஒதுக்கிய காசில் ஒரு பங்கு, தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளவே போயிருக்கிறது. இன்று ‘டிஜிட்டல் மார்க்கெட்டிங்’, ‘சைபர் செக்யூரிட்டி’ என்று இரண்டு தனித்தனி வகுப்புகளாக நடத்துகிறார்கள். எங்கள் ஊரில் அவை இரண்டும் ஒரே பட்டியில்தான் அச்சாயின.

சிவகாசி அச்சுத் தொழிலே ஒரு லேபிளில் பிறந்ததுதான். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்ததும், 1923இல் ஜெர்மனியிலிருந்து இயந்திரம் வரவழைத்துத் தொழில் தொடங்கியதும் இங்கே பள்ளிப் பிள்ளைகளும் சொல்லும் கதை. மழை குறைந்த கரிசல் பூமி. விவசாயத்தை நம்ப முடியாத ஊர். தீப்பெட்டி பெருகியதும் பெட்டிமேல் ஒட்டும் லேபிளுக்காக லித்தோ அச்சு வந்தது. வாங்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்துப் படிக்கத் தெரியாத காலம். அதனால் படமே பெயர். அணில் என்றால் ஒரு கம்பெனி, சேவல் என்றால் ஒரு கம்பெனி. பெட்டிக்கடையில் போய் “அணில் ஒண்ணு குடு” என்று கேட்பார்கள்.

படமே பெயர் என்றானதும் திருட்டும் படத்தில்தான் நடந்தது. நன்றாக ஓடுகிற லேபிளின் நிறத்தையும், கட்டத்தையும், எழுத்தின் வளைவையும் அப்படியே வைத்துக்கொண்டு, நடுவில் இருக்கும் உருவத்தை மட்டும் லேசாக மாற்றி அச்சடிப்பார்கள். தீப்பெட்டி லேபிள் சேகரிப்பவர்களின் ஆல்பத்தைப் புரட்டினால் இப்படி ஜோடி ஜோடியாகப் பார்க்கலாம். மங்கலான விளக்கொளியில், அவசரத்தில் வாங்கும் கைக்கு வித்தியாசம் தெரியாது. வணிகக் குறிகளைப் பதிவு செய்வதற்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் 1940இல்தான் வந்தது. அதற்கு முன்பும் வழக்குப் போட முடியும். ஆனால் அந்தப் பெயரும் படமும் என்னுடையதுதான் என்று ஒவ்வொரு தடவையும் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். சட்டம் வந்த பிறகு ‘ரெஜிஸ்டர்டு’ என்ற சொல் லேபிளில் ஏறியது. அந்த ஒரு சொல்லுக்காகப் பதிவு அலுவலகத்துக்கு நடையாய் நடந்தவர்கள் கதை ஊரில் இன்னும் உண்டு.

அச்சகத்துக்காரன் இந்த விவகாரத்தில் வெறும் பார்வையாளன் இல்லை. லேபிள் எங்கே அச்சானது என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவன் அவன். 1867ஆம் ஆண்டு அச்சுச் சட்டப்படி புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ் எதை அடித்தாலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் அதில் இருக்க வேண்டும் என்பது 2024வரை விதி. வெள்ளைக்காரன் அதைக் கொண்டுவந்தது அச்சகங்களையும் பத்திரிகைகளையும் தன் கண்காணிப்பில் வைக்கத்தான். இருந்தாலும் அதனால் வியாபாரத்துக்கு ஒரு நன்மை விளைந்தது. மஞ்சள் தாளில் அடித்த பிட் நோட்டீஸின் ஓரத்தில் எறும்பளவு எழுத்தில் அச்சகத்தின் பெயர், ஊர், சில சமயம் போன் நம்பர். விளம்பரம் கொடுத்தவன் ஓடிப்போனாலும் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு போலீஸ் அச்சகத்துக்கு வந்துவிடும். அதனால் முன்பின் தெரியாத ஒருவர் வந்து பெரிய கம்பெனி லேபிளைக் காட்டி “இதே மாதிரி பத்தாயிரம் அடிங்க” என்றால் நல்ல அச்சகங்கள் திருப்பி அனுப்பிவிடும். அச்சக வரியைப் போடாதே என்று கேட்கிறவனைப் பார்த்தாலே போர்மேன் முகம் மாறும்.

பணத்துக்கும் இப்படி ஒரு காவல் இருந்தது. நேரில் பார்க்காதவனிடம் எப்படிச் சாமான் வாங்குவது என்ற கேள்விக்கு இந்தியத் தபால் துறை 1877இலேயே ஒரு விடை கண்டது. வி.பி.பி. தபால்காரர் பார்சலைக் கொண்டுவருவார். பணத்தைக் கொடுத்தால்தான் பார்சல். அந்தப் பணம் தபால் நிலையம் வழியாக விற்றவருக்கு மணியார்டராகப் போய்ச் சேரும். மருந்து, கைக்கடிகாரம், பஞ்சாங்கம், ஜோசியப் புத்தகம் என்று சிறு வியாபாரிகள் பத்திரிகையில் இரண்டங்குல விளம்பரம் கொடுத்து நாடு முழுக்க விற்றது இந்த ஏற்பாட்டால்தான். இதிலும் ஏமாற்று இல்லாமல் இல்லை. பணம் கட்டிய பிறகே பிரிக்க முடியும் என்பதால் கடிகாரத்துக்குப் பதில் கல்லும் பழைய பேப்பரும் வந்த வீடுகள் உண்டு. ஆனால் அனுப்பியவன் ஒரு தபால் நிலையத்தில் தன் விலாசத்தை எழுதிக் கொடுத்திருப்பான். புகார் கொடுக்க ஓர் இடம் இருந்தது.

பட்டாசுக்கு அந்த வசதியும் கிடையாது. வெடிக்கும் பொருளைத் தபாலில் அனுப்பக் கூடாது. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுப் பட்டாசு நின்றுபோய், சிவகாசிப் பட்டாசுக்கு வழி திறந்தது. 1940ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளோடு உரிமம், கண்காணிப்பு எல்லாம் வந்தன. தபால் இல்லை என்பதால் சரக்கு லாரியில்தான் போயாக வேண்டும். மொத்த வியாபாரிகள் வங்கியை நடுவில் வைத்துக்கொண்டார்கள். லாரியில் ஏற்றிய ரசீதும் பில்லும் இங்குள்ள வங்கியிலிருந்து வாங்குபவர் ஊர் வங்கிக்குப் போகும். அங்கே அவர் பணம் கட்டினால்தான் ரசீது கைக்கு வரும். ரசீதைக் காட்டினால்தான் லாரி செட்டில் சரக்கை இறக்குவார்கள். 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகத் தொடங்கி, 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறிய வங்கிக்கு இந்த வட்டாரத்து வியாபாரத்தில் பெரிய பங்கு உண்டு. முகம் தெரியாத இருவர் நடுவில், இருவருக்கும் தெரிந்த மூன்றாவது ஆள் பணத்தைக் கையில் வைத்திருந்தார். தபால்காரராக இருக்கட்டும், வங்கி மேனேஜராக இருக்கட்டும், அந்த மூன்றாவது ஆள்தான் பாதுகாப்பு. இந்த ஓர் அம்சத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் பிறகு நடந்ததைப் பார்க்க வேண்டும்.

நான் தொழிலுக்கு வந்தபோது கையால் அச்சுக் கோப்பது போய், கணினியில் பக்கம் அமைக்கும் டி.டி.பி. வந்துவிட்டது. அப்பாவுக்குக் காலண்டர் என்றால் எனக்கு விலைப்பட்டியல். ஆவணி பிறந்தால் பட்டாசுக் கடைகளுக்குப் பட்டியல் போட உட்கார வேண்டும். கம்பி மத்தாப்பு, சங்கு சக்கரம், புஸ்வாணம், பென்சில், சாட்டை, பிஜிலி, லட்சுமி வெடி, அணுகுண்டு, ராக்கெட், பேன்சி என்று வரிசை. ஒவ்வொன்றுக்கும் பாக்கெட் அளவு, விலை, பக்கத்தில் ஒரு காலிக் கட்டம். வேண்டிய எண்ணிக்கையை அதில் எழுதி வாடிக்கையாளர் திருப்பி அனுப்புவார். முதலில் தபாலில் வந்தது, பிறகு பேக்ஸில், பிறகு ஈமெயிலில். 1995 ஆகஸ்டு 15இல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டாலும், சிவகாசிக் கடைக்காரர் அதைத் தொட்டது 2000க்குப் பிறகு நெட் சென்டர்கள் வந்தபோதுதான். வெளியூர் வாடிக்கையாளர் “ஈமெயில் இருக்கா அண்ணாச்சி?” என்று கேட்க, கடைக்காரர் டி.டி.பி. போடுகிற பையனிடம் வந்து நிற்க, அவன் யாகூவில் ஒரு முகவரி எடுத்துக் கொடுத்து, கடவுச்சொல்லையும் தன் நோட்டிலேயே எழுதி வைத்துக்கொள்வான். அந்தப் பழக்கம் இன்றுவரை போகவில்லை. எத்தனையோ கடைகளின் வெப்சைட் பெயர், அதாவது டொமைன், இன்னும் அதை வடிவமைத்த பையன் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது. பையன் கோயம்புத்தூருக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போய்விடுவான். வருடாந்தரக் கட்டணத்தை யாரும் கட்டாமல் பெயர் காலாவதியாகும். அந்தப் பெயரை வேறு எவனும் வாங்கிக்கொள்ளலாம். கடையின் பத்திரத்தை அடுத்தவர் பெயரில் எழுதச் சம்மதிக்காத அண்ணாச்சிமார்கள் இதைச் சம்மதித்தார்கள். யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை என்பதுதான் காரணம்.

விலைப்பட்டியலில் இன்னொரு வழக்கம் புகுந்தது. அதைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. உண்மை விலையைப் போல ஐந்து மடங்கை விலையாக அச்சடித்து, மேலே ‘80% தள்ளுபடி’ என்று பெரிதாகப் போடுவது. ஒரு கடை தொடங்கியது, போட்டியில் எல்லாக் கடையும் செய்ய வேண்டியதாயிற்று. சரக்கு நல்ல சரக்குதான், கடைசியில் வாங்கும் விலையும் நியாயமான விலைதான். ஆனால் வாங்குபவருக்கு ஒரு பெட்டி மத்தாப்பின் நிஜ விலை என்ன என்பதே மறந்துபோயிற்று. எண்பது சதவீதத்துக்குப் பழகிய கண், தொண்ணூறு சதவீதம் என்று எவனாவது போட்டால் சந்தேகப்படுமா? பிற்பாடு வந்த மோசடிக்காரன் புதிதாக எந்தத் தூண்டிலும் செய்ய வேண்டியிருக்கவில்லை. நாங்களே செய்து வைத்திருந்தோம்.

2016 எல்லாவற்றையும் வேகப்படுத்தியது. அந்த வருடம் யு.பி.ஐ. வந்தது, நவம்பர் 8 இரவு பணமதிப்பிழப்பு வந்தது. கல்லாவின் மேல் கியூ.ஆர். அட்டை நிற்காத கடை இல்லை என்றாயிற்று. 2018 ஜனவரியில் சிறுகடைகளுக்கென்று வாட்ஸ்அப் பிசினஸ் வந்ததும் விலைப்பட்டியல் காகிதத்தை விட்டு பி.டி.எஃப். ஆகிப் பறக்கத் தொடங்கியது. அதே வருடம் அக்டோபர் 23இல் உச்ச நீதிமன்றம், பட்டாசு வழக்கில், பிளிப்கார்ட், அமேசான் உள்ளிட்ட இணைய வணிகத் தளங்கள் பட்டாசுக்கு ஆர்டர் எடுக்கவும் விற்கவும் கூடாது என்று உத்தரவிட்டது. தீபாவளி இரவு வெடிக்க இரண்டு மணி நேரம், பேரியத்துக்குத் தடை, சரவெடிக்குத் தடை என்று தொழிலையே உலுக்கிய தீர்ப்பு அது. மற்ற தடைகளைப் பற்றி ஊர் பேசிக்கொண்டே இருந்ததில் இணைய விற்பனைத் தடையின் விளைவு கவனத்துக்கு வரவில்லை.

விளைவு இதுதான். சிவகாசிக் கடைகளின் தளங்களில் ஓர் அறிவிப்பு முளைத்தது. உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி இணையத்தில் விற்பனை இல்லை, தேவையானதைத் தேர்ந்தெடுத்து விசாரணையாக அனுப்புங்கள், போனில் தொடர்புகொள்வோம் என்று அதில் இருக்கும். பட்டாசு என்றாலே பேமென்ட் கேட்வே நிறுவனங்கள் ஒதுங்கிக்கொள்ளும் என்பதால் தளத்தில் பணம் கட்ட வழியில்லை. போனில் பேசி, வாட்ஸ்அப்பில் ஒரு மதிப்பீட்டு பில் அனுப்பி, ஏதோ ஒரு கைபேசி எண்ணுக்கு ஜி-பே செய்யச் சொல்வார்கள். அந்த எண் கடைக்காரருடையதாக இருக்கலாம், மச்சானுடையதாக இருக்கலாம், வேலை பார்க்கும் பையனுடையதாகவும் இருக்கலாம். பணத்தைக் கையில் வைத்திருந்த மூன்றாவது ஆள் இங்கே இல்லை. யு.பி.ஐ.யில் பணம் நொடியில் போய்ச் சேரும். சரக்கு வரும்வரை அதை நிறுத்தி வைக்க யாரும் இல்லை. விளம்பரத்தில் அச்சக வரியும் இல்லை. நூற்றைம்பது வருடமாக ஒவ்வொன்றாகச் சேர்த்த காவல்கள் இரண்டே வருடத்தில் விலகிக்கொண்டன. அனுமதியும் இல்லாமல், முழுத் தடையும் இல்லாமல் ஒரு வியாபாரம் நடந்தால் அந்த இருட்டுக்குள் திருடன் வந்து உட்காருவான்.

வந்து உட்கார்ந்தான். ஓர் ஐப்பசியில், தீபாவளிக்கு நான்கைந்து நாள் இருக்கும்போது, என் கடை வாசலில் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வேனில் வந்த மூன்று பேர் இறங்கினார்கள். “ஏனுங்க, இந்தக் கடை எங்கீங்க இருக்குது?” என்று போனை நீட்டினார் மூத்தவர். திரையில் ஒரு விலைப்பட்டியல். இன்ஸ்டாகிராம் விளம்பரத்தைத் தொட்டால் வாட்ஸ்அப்பில் வந்ததாம். அவர்கள் தெரு மொத்தமும் சேர்ந்து பணம் போட்டு ஆர்டர் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. முதலில் பேக்கிங் நடக்கிறது என்றார்கள், பிறகு லாரியில் ஏறிவிட்டது என்று ஒரு ரசீதின் போட்டோ வந்தது, பிறகு போனே எடுக்கவில்லை.

அந்தப் பட்டியல் நான் போட்டது. ஓரத்துக் கொடி வேலைப்பாடு, சங்கு சக்கரத்துக்கு நான் வைத்த சின்னப் படம், கட்டங்களின் அகலம் எல்லாம் என் கை. சாத்தூர் ரோட்டில் இருக்கும் ஓர் அண்ணாச்சி கடைக்கு அடித்தது. கடைப் பெயர், முகவரி, உரிமத்தின் படம் எல்லாம் அப்படியே இருந்தன. பெரிதாக்கிப் பார்த்தேன். போன் நம்பர் இருந்த இடத்தில் எழுத்து மட்டும் அரைப் புள்ளி பெரிதாக, வேறு பான்ட்டில் இருந்தது. அடியில் எங்கள் அச்சகத்தின் பெயர் ஓடும் வரி வெட்டப்பட்டு, அந்த வெள்ளையில் ஒரு கியூ.ஆர். கட்டம் உட்கார்ந்திருந்தது. அவர்களை அந்தக் கடைக்கே கூட்டிக்கொண்டு போனேன். அண்ணாச்சி போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார். “பேரு என்னோடது, ஊரு என்னோடது, லைசென்சு என்னோடது. பணம் மட்டும் எங்கிட்ட வரலயே ஐயா” என்றார். கல்லாவில் உட்கார்ந்திருந்த அவர் மகள் அங்கிருந்தே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் போட்டாள். அந்த எண்ணில் சொன்னால் பணம் கணக்கு விட்டுக் கணக்கு ஓடுகிற வழியில் வங்கிகள் அதை நிறுத்தி வைக்க முடியும். ஆனால் ஓடுவதற்கு முன் சொல்ல வேண்டும். மூன்று வாரம் கழிந்த பணம் எந்தக் கணக்கிலும் நிற்காது. புகார் பதிவானது. பணம் வரவில்லை. அந்தத் தெருப் பிள்ளைகளுக்காக அண்ணாச்சி ஒரு பெட்டி நிறையச் சரக்கு கட்டிக் கொடுத்தார். பணம் வாங்கவில்லை. நஷ்டம் அவருக்கும்தான். அடுத்த இரண்டு வருடம் வெளியூர்க்காரர்கள் அவர் பெயரைக் கேட்டாலே தயங்கினார்கள்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவே, போலிப் பட்டாசுத் தளங்களைப் பற்றி மாநிலம் முழுக்க எச்சரிக்கை விட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு, கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கு மூன்று ஆண்டுவரை சிறை என்கிறது. ஆனால் பணம் போன கணக்கு, கமிஷனுக்கு ஆசைப்பட்டு யாரோ ஒருவர் வாடகைக்கு விட்ட கணக்காக இருக்கும். அதற்குப் பின்னால் இருப்பவனைப் பிடிப்பது லேசில்லை.

மோசடிக்காரர்கள் விற்கிறவரையும் விடுவதில்லை. ராணுவ அதிகாரி என்று சொல்லிக்கொண்டு ஒருவன் பெரிய ஆர்டர் கொடுப்பான், “எங்கள் ஆபீஸ் முறைப்படி பணம் அனுப்ப இந்தக் கியூ.ஆரை ஸ்கேன் செய்து ‘பின்’ நம்பரைப் போடுங்கள்” என்பான். பணம் வாங்க ‘பின்’ நம்பரே தேவையில்லை. கியூ.ஆரை ஸ்கேன் செய்து ‘பின்’ போட்டாலே அது நம் கணக்கிலிருந்து போகிற பணம். கூட்ட நேரத்தில் பணம் போட்டுவிட்டதாக ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டுச் சரக்கோடு நடப்பவனும் உண்டு. அவனுக்கு மருந்து கல்லாவில் பேசுகிற சவுண்டு பாக்ஸ், அல்லது நம்முடைய ஆப்பில் வரவு பார்ப்பது. அவன் போனைப் பார்ப்பது அல்ல. ‘ஆர்டர் லிஸ்ட்’ என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்பு, அதாவது ஆப் நிறுவும் கோப்பு, வரும். பட்டியல் என்றால் படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ வர வேண்டும், ஏ.பி.கே. வந்தால் அது போனுக்குள் புகுந்து ஓ.டி.பி. படிக்க வந்த ஆள். இன்னொரு கடையில் வாட்ஸ்அப்பையே தூக்கிவிட்டார்கள். “தப்பா உங்க நம்பருக்கு ஒரு கோடு வந்துருச்சு, சொல்லுங்கண்ணே” என்று கேட்டதும் பையன் ஆறு இலக்கத்தையும் சொல்லிவிட்டான். ஐந்து நிமிடத்தில் கடையின் வாட்ஸ்அப் எவன் கைக்கோ போய், வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் ‘புது அக்கவுண்ட் நம்பர்’ போய்விட்டது. வாட்ஸ்அப் செட்டிங்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு வைத்திருந்தால் அந்த ஆறு இலக்கம் மட்டும் அவனுக்குப் போதுமானதாக இருந்திருக்காது.

என் தொழிலில் இருந்து பார்க்கும்போது, அச்சக வரி முழுதாக அழியவில்லை. இடம் மாறி ஒளிந்திருக்கிறது. ஒரு வெப்சைட் எந்தத் தேதியில் பதிவானது என்பதை ‘ஹூ-ஈஸ்’ என்ற தேடலில் எவரும் பார்க்கலாம். ‘மூன்று தலைமுறைப் பாரம்பரியம்’ என்று எழுதியிருக்கும் தளம் புரட்டாசியில்தான் பிறந்திருக்கும். பேஸ்புக்கில் ஒரு பக்கம் எப்போது தொடங்கப்பட்டது, முன்பு என்ன பெயரில் இருந்தது, எந்த நாட்டிலிருந்து நடத்துகிறார்கள் என்பதை அந்தப் பக்கத்திலேயே பார்க்கலாம். நேற்றுவரை சினிமாப் பக்கமாக இருந்தது இன்று பட்டாசுக் கடையாகியிருக்கும். ஜி.எஸ்.டி. எண்ணை அரசுத் தளத்தில் போட்டால் அது யார் பெயரில், எந்த ஊரில் இருக்கிறது என்று வந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலே, பணம் அனுப்பும் நொடியில் திரையில் தெரிகிற பெயர். கடையின் பெயர் வராமல் தனிமனிதர் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். அதற்குக் கடைக்காரர் முதலில் கடையின் பெயரிலேயே ஒரு கரன்ட் அக்கவுண்ட் வைத்திருக்க வேண்டும். மச்சான் நம்பருக்குப் பணம் வாங்கிப் பழக்கிய கடை, வாடிக்கையாளரைத் திருடனுக்கும் பழக்கி அனுப்புகிறது.

இப்போது நான் பட்டியல் போடும்போது, கடைக்காரர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அடியில் ஒரு பட்டி விடுகிறேன். கடையின் ஒரே போன் நம்பர், ஒரே வெப்சைட், பணம் அனுப்பும்போது திரையில் வர வேண்டிய பெயர், எங்கள் அச்சகத்தின் பெயர். அதோடு ‘எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை; வேறு எண்களும் இல்லை’ என்று ஒரு வரி. அதே வரியைப் பெட்டியிலும் பில்லிலும் கடை வாசலிலும் போடச் சொல்கிறேன். டொமைனை உங்கள் பெயரில், உங்கள் ஈமெயிலில் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள் என்கிறேன். பேஸ்புக் பக்கத்துக்கு நிர்வாகியாக நீங்களும் வீட்டில் இன்னொருவரும் இருங்கள், விளம்பரம் போடுகிற பையனுக்கு அந்த வேலைக்கான அனுமதியை மட்டும் கொடுங்கள் என்கிறேன். சிலர் கேட்கிறார்கள், சிலர் தீபாவளி முடியட்டும் என்கிறார்கள்.

கடைக்காரர் தனியாகச் செய்ய முடியாத ஒன்று பாக்கி இருக்கிறது. உரிமம் இல்லாமல் ஒரு பட்டாசுக் கடையும் நடக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு கடையின் பெயரும் முகவரியும் அரசாங்கத்திடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பட்டியலை, கடையின் உண்மையான போன் நம்பரோடும் வெப்சைட்டோடும் சேர்த்து, எவரும் போனில் தேடிப் பார்க்கும்படி ஆவணி மாதமே மாவட்ட நிர்வாகம் வெளியிட வேண்டும். வியாபாரிகள் சங்கங்கள் இதைக் கேட்டு மனுக் கொடுக்க வேண்டும். இணையத்தில் ஆர்டர் எடுக்கலாமா கூடாதா, எடுத்தால் எந்த முறையில் என்பதையும் நீதிமன்றத்தில் தெளிவாகக் கேட்டு வாங்க வேண்டும். அதுவரை வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பணம் அனுப்பும் முன் கடையின் பழைய பில்லிலோ பெட்டியிலோ இருக்கும் நம்பருக்கு ஒருமுறை நீங்களே கூப்பிட்டுப் பேசுங்கள். ஏமாந்துவிட்டீர்கள் என்று தெரிந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு நாள் கடத்தாமல் அந்த நிமிடமே 1930க்குச் சொல்லுங்கள்.